மொசைக்கைப் பெயர்த்து எடுத்திருக்கலாமே?

வணக்கம் ஐயா,

சிசிலியில் பியாட்ஸா அர்மெரினா ஊருக்கு அருகே உள்ள கசாலே ரோமானிய மாளிகைக்குப் போயிருந்தோம். வண்ணச் சில்லுகளைப் பதித்துப் படமாக்கிய தரை மொசைக்குகளை உயரத்தில் போட்ட நடைபாதையிலிருந்து எட்டித்தான் பார்க்க முடிந்தது. எரிமலையில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியில் கிடைத்த அலெக்ஸாண்டர் போர்க் காட்சியை நேப்பிள்ஸுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினார்களே, அப்படி இவற்றையும் பெயர்த்து எடுத்திருக்கலாமே? அப்புறம், தேதியே எழுதாத தரையை நான்காம் நூற்றாண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எஸ். ஆர்.

அன்புள்ள எஸ். ஆர்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். படத்தின் பாணியை வைத்துக் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். கசாலேயில் வேலை செய்தவர்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்பதும் பாணியை வைத்துச் சொல்வதுதான். ஆனால் நல்ல சாட்சி தரைக்கு அடியில் இருக்கிறது. சில்லுகளைப் பதிக்கும் முன் சரளையும் சுண்ணாம்பும் கலந்து அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டிப்பார்கள். அதற்குள் ஒரு காசு சிக்கியிருந்தால், அது அச்சான பிறகுதான் தரை போட்டிருக்க முடியும். பானை ஓடும் அப்படித்தான். தரைக்கு மேலே கிடக்கும் காசு எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

பெயர்த்தெடுப்பது என்றால் படத்தின் மேல் துணியை ஒட்டி, சில்லுகளோடு உரித்து எடுப்பது. அடியிலுள்ள அடுக்குகளைக் கவனமாகப் பதிவு செய்யாமல் விட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பழைய நாளில் எடுத்தவர்கள் பெரும்பாலும் படத்தோடு திருப்திப்பட்டுவிட்டார்கள். போதாததற்கு, இரும்புக் கம்பி வைத்த சிமென்ட் பலகையில் பதித்தார்கள். கம்பி துருப்பிடித்து உப்பி, படத்தையே பிளந்தது.

நீங்கள் 'பிகினிப் பெண்கள்' அறையைப் பார்த்திருப்பீர்கள். (அவர்கள் குளிக்கப் போகவில்லை, ஓட்டமும் வட்டெறிதலும் பந்துமாகப் போட்டியில் இருக்கிறார்கள்.) அந்த அறையின் மூலையில் மேல்தரை பெயர்ந்த இடத்தில் இன்னொரு மொசைக் தெரியும், வெறும் கோடும் கட்டமுமாக. நன்றாக இருந்த தரையின் மேலேயே வீட்டுக்காரர் புதுத் தரை போட்டிருக்கிறார்! அது பணக்காரத் திமிரோ, அறையின் உபயோகம் மாறியதோ, எப்படியானாலும் வீட்டின் கதை அந்த மூலையில்தான் இருக்கிறது. படத்தை மட்டும் சுவரில் மாட்டியிருந்தால் அது நமக்குத் தெரியாது.

கசாலேயில் இருப்பது சுமார் 3,500 சதுர மீட்டர் மொசைக். வேட்டைக் காட்சி உள்ள தாழ்வாரம் மட்டுமே 60 மீட்டருக்கு மேல் நீளம். துண்டு போடாமல் எடுக்க வழியில்லை.

இருந்த இடத்திலேயே வைப்பதும் சுலபமில்லைதான். 1950களின் இறுதியில் கசாலேக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போட்டார்கள். பார்க்க அழகு, உள்ளே சிசிலி வெயிலில் அவியல். பிறகு அதைக் கழற்றி வெயிலை மறைக்கும் கூரை போட வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் ரட்லண்ட் பகுதியில் 2020 ஊரடங்கின்போது நில உரிமையாளரின் மகன் கண்ணில் பட்ட மொசைக்கை என்ன செய்தார்கள் தெரியுமா? ட்ரோஜன் போர்க் கதையின் கிரேக்க வீரன் அக்கிலீஸ், அவன் கொன்ற ஹெக்டரின் சடலம், அதற்கு ஈடாகத் தராசில் தங்கம் என்று அபூர்வமான காட்சிகள். பின்னாளில் யாரோ அதன் மேலேயே நெருப்பு மூட்டிய கருகலும் இருந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு தோண்டி, அளந்து, படமெடுத்து முடித்தது. அப்புறம் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். உங்களுக்கு இது இன்னும் எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் இந்த மூன்று வழிகளில் நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.