குளோபிடோகிரெல் உடம்பின் சக்தியைக் குறைக்குமா?

ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குக் கொடுக்கும் குளோபிடோகிரெல் ADP-யைத் (இரண்டு பாஸ்பேட் கொண்ட மூலக்கூறு) தடுக்கிறது, அவருடைய அசதி அதனால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் அப்படி இல்லை.

செல்லுக்குள் ADP, மைட்டோகாண்ட்ரியாவில் மறுபடி ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொண்டு ATP-யாக, அதாவது மூன்று பாஸ்பேட் கொண்ட சக்தி மூலக்கூறாக மாறும். மாத்திரை அந்தப் பக்கமே போவதில்லை. செல்லுக்கு வெளியே ADP-க்கு வேறு வேலை. ரத்தக்குழாய்ச் சுவரில் காயம் பட்டதும் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) தாங்கள் சேமித்து வைத்த ADP-யைக் கொட்டும்; அது பக்கத்துத் தட்டணுவின் பி2ஒய்12 என்ற ஏற்பியில் (செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில்) ஒட்டி, "நீயும் வா" என்று கூப்பிடும். ஸ்டென்டுக்குள் அந்தக் கூட்டம் சேர்ந்தால்தான் ஆபத்து. மாத்திரை அடைப்பது அந்த ஏற்பியை மட்டுமே, அதுவும் நிரந்தரமாக. புதுத் தட்டணுக்கள் வந்து ஈடுகட்டச் சில நாட்கள் ஆகும்.

அசதிக்கு வேறு காரணம் தேடுங்கள். மலம் கறுப்பாகப் போகிறதா? அப்படியானால் இன்றே மருத்துவரிடம் போங்கள், உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம். இல்லையென்றால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், அதுவும் அசத்தும். அப்புறம், வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் எடுத்தால் சொல்லிவிடுங்கள். அது குளோபிடோகிரெலின் வீரியத்தைக் குறைக்கும். நீங்களாக மட்டும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.