இணையத்தில் உள்ள அரச ஆவணம்: எந்தத் திகதியை நம்புவது?

அரச இணையத்தளங்களில் ஆவணங்களின் திகதியும் திருத்தங்களும் பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளும், இந்த வேலையில் பழகிய ஒருவர் தந்த பதில்களும்.

கிண்ணியா: சேர், ஒரு பதவி வெற்றிட அறிவித்தலில் முடிவுத் திகதி 31 என்று இருந்தது. இப்போது அதே இணைப்பில் 24 என்று காட்டுகிறது. பழையது இருந்ததை எப்படி நிரூபிப்பது?

முதலில் கைபேசியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைப் பாருங்கள். அன்று திறந்த பிடிஎஃப் அநேகமாக அங்கேயே கிடக்கும். அதில் எதையும் மாற்றாமல் உங்களுக்கே மின்னஞ்சல் செய்துவிடுங்கள். பிறகு இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடுங்கள். தேடும்போது அந்தப் பிடிஎஃப்பின் சொந்த இணைப்பைப் போடவேண்டும். அது தொங்கும் பக்கத்தின் இணைப்பைப் போட்டால் பக்கம் வரும், கோப்பு வராமல் போகலாம். அங்கே புதிதாகச் சேமித்து வைக்கும்போதும் இதே கதைதான்.

வேபேக் முகவரியில் 14 இலக்கங்கள் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன். அது கிரீனிச் நேரம், நாங்கள் 5.30 மணி கூட்டவேண்டும். 20250331190500 என்று இருந்தால் இங்கே ஏப்ரல் 1, நள்ளிரவு தாண்டி 12.35. 'மார்ச் 31இலேயே இருந்தது' என்று எழுதிக்கொடுத்தால் முறைப்பாடு அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

மூதூர்: பிடிஎஃப்பின் உள்ளே பதிந்திருக்கும் திகதி போதாதா?

அதைத் துப்பாக எடுக்கலாம், சாட்சியாக எடுக்கவேண்டாம். அடோபி ரீடரில் கண்ட்ரோலும் டியும் சேர்த்து அழுத்தினால் உருவாக்கிய நேரமும் மாற்றிய நேரமும் தெரியும். ஸ்கேன் செய்த கடிதத்தில் அது ஸ்கேனரின் கடிகாரம் சொன்ன நேரம். கடிகாரத்தைச் சரியாக வைக்காத இயந்திரம் பல வருடம் பழைய திகதியைக்கூடப் பதியும். கடிதத்தில் 5ஆம் திகதி, கோப்பில் 19ஆம் திகதி என்றால் உடனே மோசடி என்று கத்தாதீர்கள். கையொப்பம் ஆகி, மேசை மேசையாகப் போய், 19ஆம் திகதிதான் ஸ்கேனருக்கு வந்திருக்கும். கோப்பின் அளவைக் குறைத்தாலும், இரண்டு கோப்பை ஒன்றாக்கினாலும் திகதி மாறலாம்.

சந்தேகப்பட வேண்டியது மறுவளமான நிலையை: கடிதத்தின் திகதிக்கு முதலே கோப்பு உருவாகி, பிறகு பல வாரம் கழித்து மாற்றப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

உப்புவெளி: பக்கத்தின் அடியில் 'இறுதியாகப் புதுப்பித்தது' என்று இன்றைய திகதி இருக்கிறதே?

நாளைக்கும் போய்ப் பாருங்கள். நாளைய திகதி இருந்தால், அது பக்கத்தைத் திறக்கும் நாளைத் தானாகக் காட்டும் ஒரு வரி, வேறொன்றும் இல்லை. சேர்வர் சொல்லும் மாற்றத் திகதியும் தளத்தை வேறு சேர்வருக்கு மாற்றும்போது கெட்டுப்போகலாம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமென்றால் கோப்பின் முகவரியில் ஆண்டும் மாதமும் வழக்கமாக இருக்கும், அது கொஞ்சம் உதவும்.

தம்பலகாமம்: அதிவிசேட வர்த்தமானியில் 2004/66 என்ற மாதிரி எண் எதற்கு?

முன் எண் வாரத்துக்கு, பின் எண் அந்த வாரத்தில் வந்த வரிசைக்கு. பிழை இருந்தால் இன்னொரு வர்த்தமானியில்தான் திருத்துவார்கள். அதனால் எண்ணையும் திகதியையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

குச்சவெளி: பழைய, புதிய தமிழ்ப் பிரதிகளை ஒப்பிட எழுத்தைக் கொப்பி செய்தால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது, அண்ணா.

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது: உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் தமிழாகக் காட்டுகிறது. இரண்டையும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள், தங்கச்சி. எண்களையும் திகதிகளையும் மட்டும் கண்ணால் மூலத்தோடு சரிபாருங்கள். சிங்களப் பிரதியையும் திறந்து பாருங்கள்: தமிழ்ப் பிரதி சில வேளை ஒரு திருத்தம் பிந்தியே நிற்கும்.

பட்டினமும் சூழலும் (திருகோணமலை நகரப் பிரதேசம்): நான் ஓர் அலுவலகத்தில் ஆவணங்களைத் தரவேற்றும் உத்தியோகத்தர். என்ன செய்தால் இந்தச் சிக்கல் வராது?

ஒரே பெயரில் மேலெழுதுவதை இன்றோடு விடுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும். கோப்பின் பெயரில் ஆவண இலக்கம், திகதி, மொழி, பதிப்பு எண் இருக்கட்டும். புதியது வந்ததும் பழையதை அழிக்காமல், 'இது செல்லாது, பதிப்பு 2ஐப் பார்க்க' என்று குறித்து அதே இணைப்பிலேயே விடுங்கள்.

பக்கத்தில் திகதிகளைப் பிரித்துப் போடுங்கள்: ஆவணத் திகதி, நடைமுறைக்கு வரும் திகதி, தரவேற்றிய திகதி, கடைசியாகத் திருத்திய திகதி. கீழே ஒரு திருத்தப் பட்டியல். 'புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதுவது வீண். 'பந்தி 3இல் முடிவுத் திகதி 31இலிருந்து 24 ஆக மாற்றப்பட்டது' என்று எழுதுங்கள். மூன்று மொழிக்கும் தனித்தனி வரி வேண்டும், மூன்றும் ஒரே நாளில் திருத்தப்படுவது அபூர்வம்.

பிரித்தானிய அரசின் தளத்தில் வெளியிட்ட நாள், கடைசியாகப் புதுப்பித்த நாள், மாற்றக் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் சிறு திருத்தம் என்று வகைப்படுத்தினால் அங்கே திகதி நகராது. எங்களுக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்பது என் எண்ணம்: எது சிறியது என்று தீர்மானிப்பவரே திருத்தியவராகவும் இருப்பார்.

வேர்ட்பிரஸ் பக்கத்தின் எழுத்துக்குப் பழைய பதிப்புகளை வைத்திருக்கும், இணைத்த பிடிஎஃப்புக்கு வைத்திருக்காது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை போன்ற எண்ணையும், பட்டியலில் சேருங்கள். விண்டோஸிலேயே அதற்கான 'செர்ட்யூட்டில்' கட்டளை இருக்கிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுவதும் வேறாகிவிடும்.

வெருகல்: கேட்டால் 'மாற்றவே இல்லை' என்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் மாற்றினீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. பதிவேட்டைக் கேளுங்கள்: இந்த இணைப்பில் இன்ன காலத்துக்குள் இருந்த எல்லாப் பிரதிகளும், தரவேற்றிய நாட்களும், மாற்ற அனுமதித்த கடிதமும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. சட்டம் வந்த பின் உருவான பதிவேடுகளை 12 ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அழிக்கவும் கூடாது.

நிலாவெளி: வாட்ஸ்அப்பில் வந்த பிரதி செல்லுமா?

ஆவணமாக அனுப்பியிருந்தால் கோப்பு அப்படியே வரும், எஸ்எச்ஏ எண்ணை ஒப்பிடலாம். ஸ்கிரீன்ஷொட்டாகவோ படமாகவோ வந்தது வேறு கோப்பு. அனுப்பியவரிடம் மூலக் கோப்பையே கேளுங்கள்.