கீறல் இல்லாத தட்டு ஏன் வாசிக்குதில்லை? சிடி, டிவிடி கேள்வி பதில்

கிளிநொச்சி: அண்ணை, அக்காவின்ர கலியாணவீட்டு டிவிடியில ஒரு கீறலும் இல்லை. ஆனா டிரைவ் சுத்திச் சுத்திப் பார்த்திட்டு வெறும் தட்டு எண்டுது. ஏன்?

பதில்: அது ஸ்ரூடியோவில எழுதிக் குடுத்த தட்டு. கடையில விக்கிற படத் தட்டில அச்சடிச்ச பள்ளங்கள் இருக்கும். இதில சாயப் படைதான். எழுதேக்க லேசர் சாயத்தைச் சுடும், சுட்ட இடம் ஒளியைக் குறைவாத் திருப்பும். தகரக் கூரைச் சூட்டிலயும் வெயில் வெளிச்சத்திலயும் கிடந்தா சாயம் மங்கிப் போகும். வேற டிரைவுகளில போட்டுப் பாருங்கோ. ஒண்டு வாசிச்சாலும் உடன ஹார்ட் டிஸ்க்கில கொப்பி பண்ணுங்கோ.

புதுக்குடியிருப்பு: பள்ளம் எண்டா 1, மேடு எண்டா 0, அப்பிடியோ?

பதில்: கனபேர் அப்பிடித்தான் நினைக்கினம். பள்ளமும் மேடும் மாறுற விளிம்புதான் 1. மாற்றம் இல்லாத நீளம் முழுக்க 0. சிடிக்கு 780 நனோமீற்றர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650, புளூ ரேக்கு 405. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறுக்கும், தரவு எழுதிற வரிகளையும் நெருக்கி வைக்கலாம். சிடியில வரிக்கு வரி 1.6 மைக்ரோமீற்றர், டிவிடியில 0.74. உள்ளுக்க இருந்து வெளியால சுருளாப் போற ஒரே வரிதான். சிடியின்ர வரியை நீட்டினா கிளிநொச்சி டவுனில இருந்து ஏறக்குறைய பரந்தன் சந்தி வரும்!

ஒட்டுசுட்டான்: சிடியின்ர படம் போட்ட பக்கம் கீறினாப் பரவாயில்லைத்தானே?

பதில்: ஐயோ, அதுதான் மோசம். தரவு இருக்கிறது அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்குக் கீழதான். போல்பொயின்ற் பேனையால அழுத்தி எழுதினாலே போதும், பழுதாகும். கீழ்ப்பக்கம் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக். சின்னக் கீறல் லேசருக்கு மங்கலாத்தான் தெரியும், மிச்சத்தை, விடுபட்ட தரவைக் கணக்குப் போட்டு மீட்கிற பிழைதிருத்தக் குறியீடு சமாளிக்கும். டிவிடியில தரவு ரெண்டு 0.6 மில்லிமீற்றர் தட்டுக்கு நடுவில, அதால மேல்பக்கக் கீறல் அவ்வளவு பாதிக்காது. துடைக்கேக்க நடுவில இருந்து விளிம்புக்கு நேராத் துடையுங்கோ. வட்டமாத் துடைச்சு விழுற கீறல் வரியோட வரியா ஓடும், அதைச் சமாளிக்கிறது பிழைதிருத்தக் குறியீட்டுக்குக் கஷ்டம்.

வவுனியா: ஆர்டபிள்யூ தட்டை எத்தினை தரம் அழிச்சு எழுதலாம்?

பதில்: 1000 தரம் எண்டு சொல்லுவினம். அதில சாயம் இல்லை, உலோகக் கலவை. நீண்டகாலச் சேமிப்புக்கு நான் நம்பமாட்டன்.

முல்லைத்தீவு: என்ர டிரைவ் சிடி வாசிக்குது, டிவிடி வாசிக்காது. லென்ஸில புழுதியோ?

பதில்: புழுதி எண்டா பெரும்பாலும் ரெண்டுக்கும் கரைச்சல் வரும், கனக்க டிரைவில லென்ஸ் ஒண்டுதானே. லேசர் ரெண்டு: டிவிடியின்ர லேசர் போயிருக்கலாம். ஒருக்கா காஞ்ச பஞ்சால லென்ஸை மெதுவாத் தொட்டுத் துடைச்சுப் பாருங்கோ, டிரைவுக்குக் கரண்ட் இல்லாம. சரிவராட்டி யூஎஸ்பியில பூட்டுற டிவிடி டிரைவ் ஒண்டு வாங்குங்கோ. லேசரை மாத்திற கூலிக்கு அது மலிவு.