இல்லாத மனிதர்கள் அப்பாவின் கண்ணுக்கு மட்டும் தெரிவது ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு 78 வயது. விழித்திரையின் மையப்பகுதி சிதைந்து, இரு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஒரு மாதமாக, மாலையானால் கூடத்தில் தொப்பி அணிந்த குட்டி மனிதர்கள் நிற்பதாகச் சொல்கிறார். “யாரும் இல்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் நிற்கிறார்களே” என்கிறார். பேச்சிலும் நினைவிலும் குறையில்லை. புத்தி பேதலிக்கிறதா?

பதில்: இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ‘சார்லஸ் போனே’ நோய்க்குறியாகவே தோன்றுகிறது. ஜெனீவாவின் இயற்கையியலாளரான போனே, பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படி ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760இல் எழுதிவைத்தார். தாத்தாவின் அறிவு தெளிவாகவே இருந்தது.

ஏன் இப்படித் தெரிகிறது என்று புரிய, ஒரு வெள்ளைத் தாளில் சிறிய பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் புள்ளி மறையும். அப்போது புள்ளியின் பிம்பம் விழுவது, பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில். அங்கே ஒளியை உணரும் செல்களே கிடையாது. ஆனாலும் தாளில் ஓட்டை தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். அந்த வெள்ளையைப் போட்டது மூளை. கண்ணிலிருந்து வரும் தகவல் அரைகுறையானது. மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்புகிறது. நம் எல்லோருக்கும் நாள் முழுக்க நடப்பது இதுதான். உங்கள் தந்தைக்கு நடுவிலிருந்து தகவலே வரவில்லை. மூளையில் வேலையில்லாமல் போன பார்வைப் பகுதிகள் தாமாகவே கிளர்ந்தெழுகின்றன. முகங்களை அடையாளம் காணும் பகுதி கிளர்ந்தால் முகம் தெரியும். நிறத்துக்கான பகுதி கிளர்ந்தால் நிறம் தெரியும்.

உருவங்கள் தோன்றும்போது விளக்கைப் போடுங்கள். தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமுமாக 15 முதல் 30 விநாடி நகர்த்தச் சொல்லுங்கள். பலருக்குக் கலைந்துவிடும். மாதங்கள் செல்லச் செல்ல வருவதும் குறையலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. உருவங்கள் பேசினாலோ, அவை நிஜம் என்று அவர் வாதிட்டாலோ, நடை தளர்ந்து கை நடுங்கினாலோ, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசினாலோ, ஒரு நாள் தெளிவும் மறுநாள் குழப்பமுமாக இருந்தாலோ, அது லூயி பாடி என்னும் மறதிநோயாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் மாயத்தோற்றம் என்றதும் எழுதிக்கொடுக்கப்படும் சில மனநோய் மாத்திரைகள், அந்த நோயாளிகளை உடல் விறைத்துப் படுக்கையில் தள்ளிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். மறுபடியும் சொல்கிறேன்: பரிசோதனைக்கு முன் அந்த மாத்திரை வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது என்பதற்காகவும் வேண்டாம்.

இனி உங்களைத் தேடி வரப்போகிறவர்களைப் பற்றி. மருத்துவர் பரிசோதிக்கும் முன்பே ‘முழு மூளை ஸ்கேன்’ எடுக்க அழைத்துப் போகிறவருக்குக் கமிஷன் உண்டு. நரம்பு டானிக் விற்பவர் வருவார். எல்லோரையும்விட மோசமானவர், ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசியால் பார்வை திரும்பும் என்று முன்பணம் கேட்பவர். அமெரிக்காவில் இதே விழித்திரைச் சிதைவுக்குச் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் ஊசியாகப் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள், இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தது 2017இல் மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. அதற்கும் பணம் வாங்கித்தான் போட்டார்கள்.

இவர்களுக்கு வழி விடுவது எங்கள் கண் மருத்துவத் துறையின் அலட்சியம்தான். எழுத்துப் பலகையில் எத்தனை வரி படித்தார் என்று குறித்துக்கொள்கிறோம். “இல்லாதது ஏதாவது தெரிகிறதா?” என்று கேட்க அரை நிமிடம் போதும், கேட்பதில்லை. பைத்தியம் என்று முத்திரை விழுமோ என்று பயந்து நோயாளியும் வாய் திறப்பதில்லை. உங்கள் தந்தை சொன்னாரே, அதுவே பெரிது. எப்போது, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் தெரிகிறது என்று ஒரு தாளில் எழுதி, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளோடும் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பேச்சை நீங்களே தொடங்குங்கள்.