பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடும் ஆசிரியர்கள்: தலைமையாசிரியர் எங்கே தொடங்கலாம்?

கேள்வி: எல்லோருக்கும் வகுப்பறைப் பாடம், பின்தங்கும் சிலருக்குச் சிறு குழு உதவி, மிகவும் பின்தங்கியவர்களுக்குத் தீவிர உதவி என்ற மூன்று அடுக்கு ஆதரவு முறையை எங்கள் பள்ளியில் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. பயிற்சி கொடுத்தோம், படிவங்களும் தயார். ஆனால் ஆசிரியர்கள் பின்தங்கிய பிள்ளைகளின் பட்டியலை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த மனநிலையை எப்படி மாற்றுவது?

பதில்: மனநிலை இருக்கட்டும், முதலில் அந்த மீட்டிங்கைப் பார்ப்போம். "என் வகுப்பில் 12 பேருக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அடுத்து அவருக்கு என்ன நடக்கிறது? "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்வியும் நிரப்ப இன்னும் இரண்டு படிவங்களும்தான் வருகின்றன என்றால், அவர் வாய் திறக்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. உண்மையைச் சொன்னால் வேலையும் கெட்ட பெயரும் சேர்கிற இடத்தில் யார்தான் சொல்வார்கள்?

அதனால் முதல் மாற்றம் உங்களிடமிருந்து வர வேண்டும். இந்த முறைக்காக எடுக்கும் வாசிப்பு, கணக்கு அளவீடுகளை ஆசிரியர் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். சொன்னபடி நடங்கள். ஒரு முறை மீறினாலும் அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்கு அழகான எண்கள்தான் வந்து சேரும். சிகாகோ பள்ளிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரைக், ஷ்னைடர் இருவரும் 2002-ல் எழுதியதும் இதையொட்டியதுதான்: பெரியவர்களுக்குள் பரஸ்பர நம்பிக்கை இருந்த பள்ளிகளில்தான் கற்றல் முன்னேறும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

அடுத்து, பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். மூன்று அடுக்கு என்ற எண்ணமே பொதுச் சுகாதாரத்திலிருந்து வந்தது. எல்லோருக்கும் தடுப்பு, ஆபத்தில் இருப்போருக்குக் கூடுதல் கவனம், நோயாளிக்குத் தீவிர சிகிச்சை. பள்ளியில் தோராயமாக 80 சதவீதப் பிள்ளைகளுக்கு வகுப்பறைப் பாடமே போதுமானதாக இருக்க வேண்டும். 15 சதவீதத்தினருக்குச் சிறு குழு உதவி, 5 சதவீதத்தினருக்குத் தீவிர உதவி என்பது வழக்கமான கணக்கு. இது வழிகாட்டிதான், ஒதுக்கீடு அல்ல. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் பட்டியலில் இருந்தால் எத்தனை சிறு குழு வைத்தாலும் தாங்காது. அங்கே சரிசெய்ய வேண்டியது எல்லோருக்கும் நடக்கும் பாடத்தை. அந்த வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்கட்டும்.

அப்புறம் நேரம். "முடிந்தபோது செய்யுங்கள்" என்றால் யாராலும் முடியாது. கால அட்டவணையிலேயே வாரத்தில் நான்கு நாள், 30 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் புதுப் பாடம் கிடையாது. உதவி தேவைப்படும் பிள்ளைகள் மூன்று முதல் ஐந்து பேராக உட்கார்வார்கள், மற்றவர்கள் வாசிப்பார்கள் அல்லது பயிற்சி செய்வார்கள். விளையாட்டு வகுப்பைப் பறித்து அங்கே இதை நுழைக்காதீர்கள், பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். ஆசிரியருக்குப் புதிதாக ஒரு வேலை கொடுக்கும்போது பழைய வேலை ஒன்றை எடுத்துவிடவும் வேண்டும். யாரும் படிக்காத ஒரு அறிக்கையாவது உங்கள் பள்ளியில் நிச்சயம் இருக்கும்.

மீட்டிங்கை 40 நிமிடத்துக்குள் முடியுங்கள். நான்கைந்து பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். அம்மா அப்பா சண்டை, வீட்டில் கவனிப்பு இல்லை என்று பேச்சு இழுத்துக்கொண்டு போகும். அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நாளைக் காலை வகுப்பில் நாம் மாற்றக்கூடியது எது என்ற கேள்விக்கு யாராவது பேச்சைத் திருப்ப வேண்டும். ஆரம்பத்தில் அந்த யாராவது நீங்கள்தான். சிறு குழுவில் இருக்கும் பிள்ளை ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறான் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்தால் போதும்; தீவிர உதவியில் இருப்பவனுக்கு வாரம் ஒருமுறை. அந்த எண்களை ஒரு வரைபடத்தில் குறித்து, பிள்ளை எட்ட வேண்டிய முன்னேற்றத்தை இலக்குக் கோடாகப் போடுங்கள். தொடர்ந்து நான்கு அளவீடுகள் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்றுங்கள். "அவனுக்கு வராது" என்ற முடிவுக்கு அங்கே இடம் கிடையாது.

ஆசிரியர் அறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள். "மூன்றாம் அடுக்குப் பையன்" என்று ஒருவனைச் சொல்லத் தொடங்கிவிட்டால் அவன் அதிலிருந்து இறங்கவே மாட்டான். அடுக்கு என்பது உதவிக்கு உள்ள பெயர். "அவனுக்கு இப்போது எழுத்துக்கூட்டலில் உதவி நடக்கிறது" என்று சொல்லிப் பழகுங்கள், அந்த "இப்போது" முக்கியம்.

எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு பாடம், எட்டு வாரம் போதும். பொறுப்பை ஒப்படைக்கும்போது மிகுந்த ஆர்வம் காட்டுபவரைவிட, சக ஆசிரியர்கள் சந்தேகம் என்றால் போய்க் கேட்கும் ஆளைத் தேடுங்கள். இரண்டும் ஒருவரே என்றால் அதிர்ஷ்டம். அந்த எட்டு வாரமும் ஒரு சிறு குழுவை நீங்களே எடுங்கள். உங்கள் குழுவில் முன்னேறாத பிள்ளையின் வரைபடத்தை முதல் மீட்டிங்கில் மேசையில் வைத்து, "எனக்குப் புரியவில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.