தேங்காய் போகும், கறிவேப்பிலை போகாது

கேள்வி: மகள் மியூனிக்கில் இருக்கிறாள். அடுத்த மாதம் நானும் கணவரும் அங்கே போகிறோம். ஒரு சனி, ஞாயிறு டெகர்ன்சே என்ற ஏரிக்கரை ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தைப் பார்த்துவர ஏற்பாடு. அங்கே நம் சாமான் எதுவும் கிடைக்காதாம். என்ன கொண்டு போகலாம்?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: எதை விட வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டு போக முடியாது. நெய், பால்கோவா, பன்னீர் வேண்டாம். பச்சை இலை, காய், பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலையும் வெற்றிலையும் மியூனிக் சுங்கத்தில் குப்பைக்குத்தான் போகும். சான்றிதழ் வேண்டாதவை ஐந்தே பழங்கள்: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டூரியன். ஆகவே மட்டை உரித்த தேங்காய் இரண்டைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரை கூடாது. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் அதற்குத் தடை.

பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, சாம்பார் பொடி கால் கிலோ வீதம் போதும். பெருங்காயத்தை இரண்டு உறை போட்டுக் கட்டாவிட்டால் புடவையெல்லாம் மணக்கும்.

எங்களைக் கேட்டால், அந்த வீட்டுக்கு ஸ்வீட்டைவிட இட்லி மாவுதான் பெரிய சீர். மகள் வீட்டில் வெள்ளி இரவு நாலுக்கு ஒன்று அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, சனி காலை பொங்குவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டப்பாவில் பாதிதான் ஊற்ற வேண்டும். மூடியை இறுக்கினால் உள்ளே வாயு சேர்ந்து, திறக்கும்போது பீச்சும். போன வீட்டில் ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க வைத்தால் குளிர்நாளிலும் பொங்கும்.

ரயில் சுமார் ஒரு மணி நேரம். பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநில உள்ளூர் ரயில்களுக்கான ஒருநாள் சீட்டு) ஒன்றில் 5 பேர்வரை போகலாம். எல்லார் பெயரும் அதில் இருக்க வேண்டும். வார நாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது, சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை. பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். ஒரே வண்டியாகக் கிளம்பும் ரயில் வழியில் ஹோல்ட்ஸ்கிர்சனிலும் ஷாஃப்ட்லாக்கிலும் பிரிந்து, துண்டு துண்டாக வேறு வேறு ஊருக்குப் போகும். காலியாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு பெட்டியில் ஏறினால் லெங்கிரீஸ் போன்ற வேறு ஊரில் போய் நிற்பீர்கள். உங்கள் பெட்டியின் பலகையில் டெகர்ன்சே என்று இருக்கிறதா பாருங்கள்.

சனி இரவு 8 மணிக்குக் கடைகள் மூடினால் திங்கள் காலைதான். தயிர், வெங்காயம் தேவையா என்று சனி காலை கிளம்பும்போதே அவர்களைக் கேட்டு, வழியில் வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவாராமே?
- வாசகர், ஜீவன்பீமா நகர்

பதில்: பதினொரு மணிக்கு இரண்டு நிமிடம் சட்னி அரைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். டிரில், புல்வெட்டும் இயந்திரம்தான் ஞாயிறன்று கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். விடியற்காலை கிரைண்டர் மட்டும் வேண்டாம். மிக்ஸியைவிட மிளகாய்த் தாளிப்புக்குத்தான் பயப்பட வேண்டும். படுக்கையறையிலும் நடையிலும் புகை அலாரம் கட்டாயம்; மிளகாய் கருகினால் கட்டிடமே அலறும். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள்.