அம்மா எம்ஆர்ஐ குழாயிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார், திறந்தவகை போதுமா?

எடுக்கலாம், ஆனால் இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் மரமரப்புக்காக மருத்துவர் கேட்டிருப்பதால், பக்கங்கள் திறந்திருக்கும் 0.3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) கருவிக்குப் பணம் கட்டுவதற்கு முன், அகன்ற வாயுள்ள 1.5 டெஸ்லா கருவி அருகில் உள்ளதா என்று விசாரித்துவிடுங்கள்.

எம்ஆர்ஐ, உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் நிறுத்தி, ரேடியோ அலையால் தூண்டி, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளிவிடும் மெல்லிய சமிக்ஞையைப் படமாக்குகிறது. காந்தம் வலுக்குறைந்தால் சமிக்ஞையும் குறையும், நேரம் கூடும், முதுகெலும்பிலிருந்து நரம்பு வெளிவரும் சிறு துளைகள் மங்கலாகத் தெரியக்கூடும். அங்கேதான் உங்கள் அம்மாவின் பிரச்சினைக்கான விடை இருக்க வாய்ப்பு அதிகம்.

அவர் எழுந்துவிட்டதற்குக் குழாயின் குறுகலே காரணமாக இருக்கலாம். வழக்கமான குழாயின் விட்டம் 60 செ.மீ., அகன்றதில் 70 செ.மீ. முகத்துக்கு மேல் சில செ.மீ. கூடுவதே பலருக்கு மூச்சுவிட இடம் தருகிறது.

மையத்தைத் தொலைபேசியில் அழைத்து இவற்றைக் கேளுங்கள்:

1. எத்தனை டெஸ்லா, விட்டம் எவ்வளவு?
2. கால்களை முதலில் உள்ளே விட்டு எடுக்க முடியுமா?

உள்ளே தள்ளும் முன்பே கண்ணின்மேல் மடித்த துணியைப் போட்டு, பணியாளரைக் கூப்பிட அழுத்தும் அழைப்புப் பந்தைக் கையில் கொடுத்து ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பயம் தணிய இது உதவலாம்.

பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க் கிளிப், காதில் பொருத்திய காக்ளியர் கருவி ஆகியவற்றில் எது இருந்தாலும், திறந்தவகையே ஆனாலும், முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.